கேள்வியில் வைத்த சொல்

2019-ம் வருஷம் பொங்கல் கழிந்த வாரத்தில், கல்லூரி மாணவர்களுக்காக விஞ்ஞான விஷயங்களைச் சிறு சிறு படங்களாக எடுத்துக் காட்டி வந்த ஒரு ஸ்தாபனத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எட்டு நிமிஷப் படம்; நாலைந்து பேருடைய பேட்டி; விஷயம், மரபணுவை மாற்றி நம் இஷ்டப்படி குழந்தை பெறுவது. அதற்கு முந்திய நவம்பரில் சீன தேசத்து விஞ்ஞானி ஒருவர் உலகத்தைத் திடுக்கிட வைத்திருந்தபடியால், அதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. எழுதியவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு. எனக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தைப் படம் எடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: பார்க்கிறவனுக்கு எந்த இடத்தில் புரியாமல் போகும் என்பது எடுக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆகையால் துணிந்து ஒப்புக்கொண்டேன்.

சென்னையில் செய்திப் படங்களும் டாக்குமெண்டரிகளும் எடுத்து ஜீவனம் நடத்தும் சிறு கூட்டத்தில் நான் அப்போது முப்பதாவது வருஷத்தில் இருந்தேன். எங்கள் கூட்டத்துக்குப் பாட்டனார் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஏ. கே. செட்டியாரைத்தான் சொல்ல வேண்டும். தேசம் தேசமாக அலைந்து, ஐம்பதாயிரம் அடி பிலிமைத் தேடிச் சேர்த்து, மகாத்மா காந்தியைப் பற்றிய படத்தை 1940-ல் வெளியிட்டவர் அவர். அடிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பிலிம் வாங்கிய அந்தக் காலத்து மனிதர்கள், காமிராவை ஓட விடுவதற்கு முன்னால் எதற்காக ஓட விடுகிறோம் என்பதை யோசித்திருப்பார்கள். இன்றோ, தீப்பெட்டியில் பாதிகூட இராத ஒரு மெமரி கார்டு மணிக்கணக்கில் விழுங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால், கேள்வியைப் பற்றிப் பேட்டிக்குப் போகிற வழியில் ஆட்டோவில் யோசித்துக்கொள்ளலாம் என்ற அலட்சியம் எங்களுக்கு வந்துவிட்டது. அந்த அலட்சியத்துக்கு நான் கொடுத்த அபராதத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் பாடம் படிக்க வேண்டியிருந்தது. ஷென்ஜென் நகரத்துத் தெற்கு விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹெ ஜியான்குய், தாம் செய்ததை உலகுக்கு அறிவித்ததும் ஒரு சிறு படத்தின் மூலமாகவே. 2018 நவம்பர் கடைசி வாரத்தில் யூடியூபில் அவர் வெளியிட்ட ஐந்து படங்களை, என் உதவியாளனான தம்பியும் நானும் ஒரே இருப்பில் உட்கார்ந்து பார்த்தோம். லூலு, நானா என்று புனைபெயரிட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். அவர்களுடைய தகப்பனாருக்கு எச்.ஐ.வி. உண்டு, அந்தக் கிருமி உயிரணுவுக்குள் புகுவதற்கு வாசற்படியாக இருக்கும் சி.சி.ஆர்.5 என்ற மரபணுவை, குழந்தைகள் கருவாக இருந்தபோதே கிரிஸ்பர் என்ற கத்தரியால் சேதப்படுத்தியாகிவிட்டது என்பது செய்தி. தகப்பனின் நோய் பிள்ளைக்கு ஒட்டாமலிருக்க விந்தணுவைக் கழுவிச் சுத்தம் செய்து கருத்தரிக்க வைக்கும் சாதாரண முறையே போதும். அந்தக் குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை தேவையே இல்லை. ஐரோப்பியரில் சிலருக்கு இயற்கையாகவே இந்த மரபணுவில் முப்பத்திரண்டு எழுத்துக்கள் விடுபட்டிருக்கும், எச்.ஐ.வி. அவர்களை எளிதில் அண்டாது. இவர் செய்தது அந்த மாற்றமும் அல்ல. ஒரு குழந்தையிடம் மரபணுவின் இரண்டு பிரதிகளும் மாறியிருந்தன, மற்றொன்றிடம் ஒன்றுதான். விஞ்ஞானிகள் இதையெல்லாம் ஹாங்காங்கில் கூடிய மாநாட்டில் நவம்பர் 28-ந் தேதி அவரை மேடையில் நிறுத்திக் கேட்டார்கள். அதற்குள் குழந்தைகள் பிறந்து சில வாரங்கள் ஆகிவிட்டன.

என்னைப் போன்ற தொழிலாளியின் கண்ணில் பட்டது வேறொன்று. பேட்டிப் படத்தில் பேசுகிறவர் காமிராவைப் பார்ப்பதில்லை. காமிராவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து கேள்வி கேட்கிறவனின் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை சற்றே விலகி இருப்பதிலிருந்தே, அங்கே இன்னொரு ஆள் இருக்கிறான், அவனுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது பார்க்கிறவர்களுக்கு விளங்கிவிடுகிறது. ஹெ ஜியான்குய் நேரே காமிராவின் கண்ணுக்குள் பார்த்துப் பேசினார். கேட்க ஆள் இல்லை. தமக்கு வரக்கூடிய ஆக்ஷேபங்களைத் தாமே எடுத்துச் சொல்லித் தாமே சமாதானமும் சொல்லிக்கொண்டார். இந்தப் பெற்றோர் கேட்டது ‘டிசைனர் பேபி’ அல்ல, நோயில்லாத ஒரு குழந்தையைத்தான் என்றும், அறிவையும் கண்ணின் நிறத்தையும் தேர்ந்தெடுப்பது தடை செய்யத் தக்கது என்றும் அவரே சொன்னார். நன்றாக எடுக்கப்பட்ட படம் அது. அதில்தான் எனக்கு அச்சம் தோன்றியது.

கேட்க ஆள் இல்லாமல் போவது ஒரு ஆபத்து என்றால், கேட்கத் தெரியாதவர்கள் கேட்பது இன்னொரு ஆபத்து. கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய, இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்த அதே 1978-ல், அக்டோபர் 3-ந் தேதி, நம் தேசத்தின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்தார். அவரை விசாரிக்க மேற்கு வங்க சர்க்கார் ஒரு கமிட்டியை நியமித்தது. அந்தத் துறையில் பழக்கமுள்ளவர் ஒருவரும் இல்லாத அந்தக் கமிட்டி கேள்விகளைக் கேட்டு, கடைசியில் அவர் சொன்னது பொய் என்று முடிவு கட்டிற்று. 1981 ஜூனில் அவர் தற்கொலை செய்துகொண்டார். பின்னால், பம்பாயில் 1986-ல் அத்தகைய குழந்தையைப் பிறக்கச் செய்த டி. சி. ஆனந்தகுமாரே அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதல் பெருமை அவருக்கே உரியது என்று 1997-ல் எடுத்துச் சொன்னார். இதை நம் படத்தில் சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எட்டு நிமிஷத்தில் கல்கத்தாவுக்கு இடம் எங்கே?

முதல் படப்பிடிப்பு ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வுக்கூடத்தில். விடியற்காலையில் ஸ்நானம் செய்து, என் வழக்கப்படி காதோரம் ஒரு பொட்டு ஜவ்வாது தடவிக்கொண்டு போனேன். மேலங்கி, குல்லா, முகமூடி எல்லாம் அணிந்து உள்ளே நுழையப் போகும் சமயத்தில், அங்கே கருவியலாளராக இருந்த பெண் நின்று முகர்ந்து பார்த்தார்.

“சார், ஏதோ வாசனை வருதே?”

“ஜவ்வாதும்மா.”

“ஐயோ, உள்ளே விட முடியாது சார். கருவுக்கு ஆகாது.”

ஆவியாகிப் பரவும் பொருள்கள் கருவின் வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும் என்பதால் அந்த அறையின் காற்றைச் சல்லடை போட்டுச் சலித்து அனுப்புகிறார்கள். கரு வளரும் பெட்டிக்குள் தாயின் உடம்பைப் போல முப்பத்தேழு டிகிரி உஷ்ணம். வெளிக்காற்றில் இருப்பதில் நாலில் ஒரு பங்கு பிராணவாயு. அறையின் வெளிச்சமும் மங்கலாகத்தான் இருக்க வேண்டும். நான் வாடகைக்கு எடுத்துப் போயிருந்த இரண்டு விளக்குகளும் காரை விட்டு இறங்கவே இல்லை. தம்பி மாத்திரம் ஒரு சிறு காமிராவோடு உள்ளே போக, டைரக்டராகிய நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கையால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தேன். படத்தில் அந்தக் காட்சி நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். நான் உள்ளே இல்லாததுதான் காரணம் என்று தம்பி சொல்லுவான்.

அங்கே திரையில் நான் பார்த்தது ஐந்தாம் நாள் கரு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அதற்குள் நூறு உயிரணுக்களுக்கு மேல் சேர்ந்து, உள்ளே ஒரு பக்கம் குழந்தையாகப் போகும் திரளும், சுற்றிலும் நஞ்சுக்கொடியாகப் போகும் தோலுமாகப் பிரிந்திருந்தது. லேசர் கதிரால் மேலுறையில் துவாரம் செய்து, மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயினால் அந்தத் தோலிலிருந்து ஏழெட்டு உயிரணுக்களை மெல்ல உறிஞ்சி எடுத்தார் அந்தப் பெண். அவை பரிசோதனைக்குப் போகும். கரு, திரவ நைட்ரஜனில் உறைந்து காத்திருக்கும். குடும்பத்தில் தெரிந்திருக்கும் கொடிய நோய் எந்தக் கருவில் இல்லையோ அதை எடுத்துத் தாயின் கருப்பையில் வைப்பார்கள். கருவைச் சோதித்துத் தேர்ந்து வைக்கும் இந்த வழியில் முதல் குழந்தைகள் 1990-ல் லண்டனில் பிறந்தன. ‘அப்படியானால் குழந்தையை நீங்கள் படைக்கிறீர்கள்’ என்று நான் கொஞ்சம் நாடக பாணியில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“படைக்கறதுக்கு நாங்க யாரு சார்? எங்க தாத்தா விதைநெல்லு பொறுக்குவாரு. அந்த மாதிரி, இருக்கறதுல பொறுக்கறோம். இல்லாததைப் போட மாட்டோம்.”

விஷயத்தின் சாரம் இந்த நாலு வாக்கியத்தில் இருக்கிறது. பொறுக்குவது வேறு, திருத்துவது வேறு. தாய் தகப்பனிடம் இல்லாத எதையும் பொறுக்கி எடுக்க முடியாது. திருத்துவதிலும் இரண்டு வகை: நோயாளியின் ரத்த உயிரணுக்களை வெளியே எடுத்து மரபணுவைத் திருத்தித் திரும்பச் செலுத்தினால் அந்த மாற்றம் அந்த மனிதரோடு முடிந்துவிடும், அரிவாள் உயிரணுச் சோகைக்கு அத்தகைய சிகிச்சையை 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அங்கீகரித்தன. கருவையே திருத்தினால் அது பிள்ளைக்கும் பேரனுக்கும் அப்பாலும் போகும். நம் தேசத்து மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் வருஷத்து விதிமுறைகள் அதைத் தடை செய்திருக்கின்றன. இந்த மூன்றையும் ஒரே பெயரால் அழைத்துக்கொண்டு தர்க்கம் செய்கிறவர்கள், நெல்லையும் அரிசியையும் சோற்றையும் ஒரே படியால் அளக்கிறவர்கள்.

அடுத்தவர் ஓய்வு பெற்ற மரபியல் பேராசிரியர். நாற்பது வருஷம் வகுப்பறையில் பேசிப் பழகியவர் ஆதலால், ஒவ்வொரு வாக்கியமும் தேர் புறப்பட்டு நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்து சேர்வதுபோல நீளமாக இருக்கும். அவர் சொன்ன ஒரு வாக்கியம் இது: “இன்னும் பத்து வருஷத்தில், கடைக்குப் போய்க் கேட்டு வாங்குவதைப் போல, உயரமும் நிறமும் புத்தியும் இவ்வளவு வேண்டும் என்று கேட்டுக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பது, மரபணு என்றால் என்னவென்று தெரியாதவர்களுடைய பேராசை.” மூன்று நாள் கழித்து, தம்பி எடிட் செய்து வைத்திருந்த முதல் பிரதியைப் பார்த்தேன். பேராசிரியர் கம்பீரமாகத் தோன்றி, இன்னும் பத்து வருஷத்தில் கேட்டுக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றார். உடனே படம் கடற்கரைக்குத் தாவிவிட்டது. வாக்கியம் நீளமாக இருந்ததால் பாதியில் வெட்டினேன் என்றான். அவன் வெட்டியது ‘என்று’ என்னும் சொல்லுக்கு முன்னால்.

தமிழில் பேட்டி எடுக்கும் இளைஞர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலீஷ்காரன், நினைப்பது தவறு என்பதை முதலில் சொல்லிவிட்டு, என்ன நினைப்பது என்பதைப் பின்னால் சொல்லுவான். வாலை வெட்டினாலும் தலை பிழைக்கும். நம் பாஷையில் தீர்ப்பு கடைசியில் வருகிறது. ‘என்று’ என்ற மூன்றெழுத்து வந்து, அதற்குப் பின் வினைமுற்றும் வரும் வரையில், பேசுகிறவர் தம் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறாரா, பிறத்தியார் அபிப்பிராயத்தைக் கண்டிக்கிறாரா என்பது ஒருவருக்கும் தெரியாது. இதில் எனக்கு உண்டான மனஸ்தாபம் தம்பியிடம் அல்ல, அவன் தெரியாமல் செய்தான். அந்தப் பிரதியைப் பார்த்த ஸ்தாபனத்தார், வெட்டிய வாக்கியமே நன்றாக இருக்கிறது, அதையே படத்தின் தொடக்கத்தில் வைத்துவிடலாம் என்று சொன்னார்கள். முழு வாக்கியத்தையும் கேட்ட பிறகும் அப்படியே சொன்னார்கள். நான் மறுத்தேன். தம்பி, என்னைச் சமாதானப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, “அவங்களும் கட் பண்றாங்க, நாமளும் கட் பண்றோம், விடுங்க சார்” என்றான். இந்த உபமானம் யாருக்கும் தோன்றக் கூடியதுதான்; நாங்கள் வெட்டியதைத் திரும்ப ஒட்டலாம் என்று மட்டும் பதில் சொல்லி, வாக்கியத்தை ஒட்ட வைத்தேன். 2022-ல், ஐம்பது லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஆராய்ந்து, உயரத்துக்கு மாத்திரம் சம்பந்தமுள்ள இடங்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகம் என்று கண்டிருப்பதாக வாசித்தபோது, அந்தப் பேராசிரியரின் வாக்கியத்தை அறுபடாமல் வைத்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கடற்கரைப் பேட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெசன்ட் நகரில் முதல் நாள் மாலை, “உங்களுக்குப் பிறக்கப் போகும் குழந்தை எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கலாம் என்றால் என்ன கேட்பீர்கள்?” என்று கேட்டோம். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல கலராக இருக்க வேண்டும் என்றார்கள். நீட் பாஸ் பண்ண வேண்டும் என்றார் ஒரு தகப்பனார். ஒரு பாட்டி, “அதுக்கு எதுக்குய்யா டாக்டரு, குங்குமப்பூவப் பால்ல போட்டுக் குடிக்கச் சொல்லு” என்றாள். குங்குமப்பூவினால் நிறம் மாறாது. மாறும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இருக்கும் வரையில், இஷ்டப்படிப் பிள்ளை பெறும் ஆசை சீனாவிலிருந்து வந்தது என்று நாம் சொல்லிக்கொள்வதற்கில்லை. இரண்டாம் நாள், ஏனோ தோன்றி, கேள்வியை மாற்றினேன்: “உங்கள் குடும்பத்தில் வழிவழியாக வரும் வியாதி ஒன்று குழந்தைக்கு வராமல் செய்யலாம் என்றால்?” அதே கடற்கரை, அதே சுண்டல்காரப் பையன்கள், ஏறக்குறைய அதே மாதிரி மனிதர்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. “சர்க்கரைய எடுத்துருவாங்களா சார்? எங்கப்பாவுக்கு அதுலதான் கால் போச்சு” என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ மரபணுக்களும் சாப்பாடும் உழைப்பும் சேர்ந்து வரவழைக்கும் வியாதி அது, ஒரு வெட்டில் போகாது என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. இரண்டு நாளும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டோம் என்று தம்பி வாதித்தான். விஷயம் ஒன்றுதான், நான் வைத்த சொல் வேறு. இவ்வளவு தெளிவாகக் கண்ணெதிரே கண்ட பிறகும், மறுவாரம் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

அம்பத்தூர்ப் பக்கத்தில் ஒரு வீடு. அந்த அம்மாளுடைய பையனுக்கு ஏழு வயசு. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்து கொடுக்க வேண்டும். மின்விசிறியின் சத்தம் மைக்கில் விழும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, மார்ச் மாத வெயிலில் மூவரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தாய்மாமனைக் கட்டிக்கொண்டது, இருவர் உடம்பிலும் அந்தக் கோளாறு ஒளிந்திருந்தது ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது, நாலில் ஒரு குழந்தைக்கு வரும் என்று டாக்டர் சொன்னதும், ஒன்றுக்கு வந்துவிட்டபடியால் இனி மூன்றுக்கு வராது என்று மாமியார் சந்தோஷப்பட்டது, அப்படி அல்ல, ஒவ்வொரு முறையும் காசு சுண்டுவதுபோலப் புதிதாகவே ஆரம்பிக்கும் கணக்கு அது என்று பின்னால் தெரிந்துகொண்டது, இத்தனையையும் அவர் யாரோ மூன்றாம் மனுஷி கதையைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். இரண்டாவது குழந்தையைக் கருவிலேயே பரிசோதித்துப் பெற்றுக்கொள்ளலாமா, அதன் எலும்பு மஜ்ஜை அண்ணனுக்குப் பொருந்துமானால் அண்ணனும் பிழைப்பானே என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நல்ல பேட்டி எனக்கு வருஷக்கணக்காக வாய்க்கவில்லை. என் காகிதத்தில் ஸ்தாபனத்தார் எழுதிக் கொடுத்திருந்த கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்டேன்.

“மரபணு வடிவமைப்புக் குழந்தையை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?”

அவருக்கு விளங்கவில்லை. பின்னாலிருந்து தம்பி, “டிசைனர் பேபிம்மா” என்று எடுத்துக் கொடுத்தான்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு தடவை கூவி அடங்கிற்று.

“டிசைன் பாத்து எடுக்கறதுக்கு அது என்ன சார், சேலையா?”

சொல்லிவிட்டு, முந்தானையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றி, ஒயரைச் சுருட்டிப் பாயின் மேல் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். ஐந்து நிமிஷத்தில் இரண்டு தம்ளர் காபியோடு வந்தார். பையனுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசினார். பேட்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

டிசைன் என்ற இங்கிலீஷ் வார்த்தை தமிழ்நாட்டில் தி. நகர் ஜவுளிக்கடை வழியாகவும் நகைக்கடை வழியாகவும் வீட்டுக்குள் வந்தது. நம் பெண்களுடைய காதில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அந்த வார்த்தையைக் கொண்டுபோய் அந்த அம்மாளின் மடியில் போட்டது நான். காபி குடிக்கும்போது இன்னொன்றும் உறைத்தது. பெற்றோர் கேட்டது டிசைனர் பேபி அல்ல, நோயில்லாத குழந்தையை என்று ஹெ ஜியான்குய் தம் படத்தில் சொன்னதும், இவர் சொன்னதும் அர்த்தத்தில் ஒன்றுதான். அங்கே அது ஒரு விஞ்ஞானி தமக்குப் பிடித்துக்கொண்ட குடை. தாய் தகப்பனின் துக்கத்தைத் தம் தலைக்கு மேல் விரித்துக்கொண்டார். இங்கே அது ஒரு தாய் தன் மேல் விழுந்த வார்த்தையைத் தட்டிவிட்டது. ஒரே வாக்கியத்துக்கு இரண்டு யோக்கியதை உண்டு என்பதை எந்தக் காமிராவும் தானாகக் காட்டாது. எந்தக் கேள்விக்குப் பதிலாக அது வந்தது என்பதையும் சேர்த்துக் காட்டினால்தான் தெரியும்.

காமிரா ஓடிக்கொண்டே இருந்தபடியால் அந்தப் பதில் பதிவாகியிருந்தது. அனுமதியில்லாமல் அதை உபயோகிக்க எனக்கு மனமில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டேன். “போட்டுக்குங்க சார். ஆனா நீங்க கேட்டதையும் போடுங்க” என்றார்.

எங்கள் தொழிலில் கேட்கிறவனின் குரலை நீக்கிவிடுவதுதான் சம்பிரதாயம். நாகரிகம் என்றும் நினைக்கிறோம். அதற்காகவே, கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள் என்று பேட்டி கொடுப்பவர்களை இம்சிப்போம். தமிழர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். செயப்படுபொருளை விழுங்கிவிட்டு, “பண்ணலாம் சார், ஆனா பண்ணக் கூடாது” என்பார்கள். எதைப் பண்ணலாம் என்பது என் கேள்வியில் இருக்கிறது, கேள்வியோ குப்பைக் கூடையில் இருக்கிறது. அந்த அம்மாள் சொன்ன பிறகு, படம் முழுவதிலும் என் கேள்விகளைத் திரும்ப வைத்தேன். நன்றாகக் கேட்டவற்றையும், அசட்டுத்தனமாகக் கேட்டவற்றையும். கடற்கரையின் இரண்டு நாள் கேள்விகளும் அடுத்தடுத்து வந்தன. படம் பதினொரு நிமிஷமாக நீண்டது. ‘கடவுளுக்குப் போட்டியா?’ என்று தலைப்பு வைத்துப் பயங்கரமான சங்கீதமும் சேர்க்க வேண்டும் என்று ஸ்தாபனத்தார் விரும்பினார்கள். ‘நீங்கள் கேட்டது’ என்று நான் பெயர் வைத்தேன். பேசியபடி சம்பளத்தைக் கொடுத்தார்கள், மறுபடியும் கூப்பிடவில்லை. அந்த வருஷக் கடைசியில், டிசம்பர் 30-ந் தேதி, ஹெ ஜியான்குய்க்கு ஷென்ஜென் நீதிமன்றம் மூன்று வருஷச் சிறையும் முப்பது லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. மூன்றாவதாக ஒரு குழந்தை பிறந்திருப்பதும் அப்போது உறுதியாயிற்று.

படத்தில் இடம் பெறாத பேட்டி ஒன்று உண்டு. சேலம் ஜில்லாவில் முப்பத்தைந்து வருஷம் கிராமத்து நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள், எழுபத்தெட்டு வயசு, என்னைத் தம்பி என்றுதான் அழைத்தார். பெண் குழந்தை பிறந்த வீட்டில் மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் தொட்டில் காலியாக இருந்த காலத்தை அவர் அறிந்தவர். 1992-ல் சர்க்கார் அந்த ஜில்லாவில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, வேண்டாத குழந்தைகளை வாங்கிக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டவர். ஸ்கேனும் வந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. கருத்தரிப்பதற்கு முன்னாலேயே பொறுக்கும் வித்தையும் வந்துவிட்டபடியால் 2003-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி அதையும் தடுத்தார்கள். இவை எல்லாவற்றையும் அவர் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். நான் அம்பத்தூரில் பட்டது போதும் என்று, வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி, “எந்த மாதிரிக் குழந்தை வேணும்னு ஜனங்க இனிமே கேப்பாங்கன்னு நினைக்கிறீங்கம்மா?” என்று கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார்.

“எது வேணும்னே கேக்கறீங்களே தம்பி. எது வேணாம்பாங்கன்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா?”

கேட்கவில்லை. படத்தில் பேசிய எவரிடமும் நான் அதைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசியதை நாற்பது விநாடிக்குள் அடக்க நான் நாலு இரவு பிரயத்தனம் செய்தேன். எங்கே வெட்டினாலும், பேராசிரியரின் வாக்கியத்துக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேர்ந்தது. கடைசியில் முழுவதையும் எடுத்துத் தனியே வைத்துவிட்டேன்.

அந்த அம்மாள் 2022-ல் காலமானார். பதிவு ஐம்பத்திரண்டு நிமிஷம். அதை யாருக்கும் காட்டலாம் என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த சீட்டும், ஊர்ப் பெயர்களையும் குடும்பப் பெயர்களையும் நீக்கிவிட வேண்டும் என்று அவர் போட்ட நிபந்தனையும் என்னிடம் இருக்கின்றன. அப்படியே நீக்கி ஒரு பிரதியும் தயார் செய்திருக்கிறேன். வெட்டாமல் முழுவதுமாக வைத்துக்கொள்வதற்கு ஏதேனும் நூலகமோ கல்லூரியோ முன்வருமானால், விலை எதுவும் இல்லாமல் கொடுக்கச் சித்தமாக இருக்கிறேன்.